கோட்டுக்கு இரண்டு அடி முன்னால்

என் அத்தானுக்கு ஒரு படம் எடுக்கத் தெரியாது. எடுத்தால் இருபதுதான். பொத்தானை அமுக்கிப் பிடித்தால் நொடிக்குப் பத்துப் படம் விழுகிற 'பர்ஸ்ட்' வசதி கேமராவில் வந்த நாளிலிருந்து, மனுஷனுக்கு விரலை எடுக்கவே மனம் வருவதில்லை. கத்தி கேக்கில் படுவதற்குள் நாற்பது படம் ஆகியிருக்கும். "மெஷின் துப்பாக்கி வந்தாச்சு, எல்லாரும் படுங்க!" என்று கூட்டத்தில் யாராவது கத்துவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அமுக்குவார்.

ஒரு விழா முடிந்தால் சேருகிற நானூறு படத்தில் நல்லதைப் பொறுக்குவது என் அக்காவின் தலையெழுத்து. "கண்ணு மூடினது, வாய் திறந்தது, மறுபடியும் கண்ணு மூடினது" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முணுமுணுத்தபடி அழிப்பாள். "கொஞ்சம் முன்னாடியே அமுக்கணும், பின்னாடி விடணும். நடுவுல நல்லது ஒண்ணு இருக்கும்" என்பது அத்தானின் தொழில் ரகசியம். எனக்கென்னவோ அது சோம்பேறித்தனமாகவே படும். முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன்.

அவருடைய ஒரே மகள் ஓட்டக்காரி. அந்த வருஷம் பள்ளிகளுக்கிடையிலான நூறு மீட்டரில் முதலில் வருகிறவளுக்கு மட்டும் விளையாட்டு விடுதியில் இடம். தங்க, சாப்பிட, பயிற்சி எடுக்க, எல்லாம் அவர்கள் பொறுப்பு. இரண்டாவது வந்தால் ஒரு சான்றிதழ், ஒரு கைகுலுக்கல். இரண்டு வருஷமாக விடியுமுன் எழுந்து ஓடியவளுக்கு அது போதுமா?

போட்டிக்குப் படம் எடுக்க அத்தானையே கூப்பிட்டிருந்தார்கள். காலி மைதானம் மெல்ல நிரம்புவதைக் காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டதால், காலையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி 'இன்டர்வல்' வைத்தார். ஒரு தடவை பொத்தானைத் தட்டிவிட்டால் முப்பது நொடிக்கு ஒரு படம் தானாக விழும். அந்த ஒன்றரை மணி நேரமும் வேலையில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பெண்கள் ஓட்டம் என்று மைக்கில் சொன்னதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு முடிவுக் கோட்டுக்கு ஓடினார். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினாரே தவிர, இன்டர்வலை பர்ஸ்ட்டுக்கு மாற்ற மறந்துவிட்டார். பெற்ற மகள் ஓடுகிறாள் என்ற பதற்றம், வேறென்ன! ஓடி வந்த பெண்கள் கோட்டைத் தொட இரண்டு அடி இருக்கும்போதே, வழக்கம்போல, அமுக்கிப் பிடித்தார். 'க்ளிக்' என்று ஒன்று. அப்புறம் சத்தமே இல்லை.

நடுவர்களில் ஒருவர் எங்கள் பெண்தான் முதல் என்றார். இன்னொருவர் பக்கத்துத் தடத்துப் பெண் என்றார். நானும் அங்கேதான் நின்றேன், எனக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போனதாகத்தான் தெரிந்தது. "போட்டோ இருக்குமே, காட்டுங்க" என்று பி.டி. மாஸ்டர் வந்து நின்றார். அதற்குள் முப்பது நொடி முடிந்து, கேமரா தானாக அவர் தொப்பையை ஒரு படம் எடுத்தது. அப்போதுதான் அத்தானுக்கு விஷயம் புரிந்தது. முகம் வெளிறிவிட்டது.

ஓட்டத்துக்கு இருந்தது ஒரே ஒரு படம். இடுப்புக்கு மேல் இரண்டு பெண்கள். எங்கள் பெண்ணின் தோள் இரண்டு விரல் முன்னால். தரையும் கோடும் படத்திலேயே இல்லை.

"அப்புறம் என்ன, தெளிவா இருக்கே!" என்றார் மாஸ்டர். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"இல்ல சார்," என்றார் அத்தான். "இது கோட்டுக்கு ரெண்டடி முன்னாடி எடுத்தது. கோட்டுல அந்தப் பொண்ணுதான் முந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா அத்தான்?" என்று நான் கத்தியே விட்டேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. விடுதி இடம் அந்தப் பெண்ணுக்குப் போனது.

வீட்டில் அக்கா அழுதுகொண்டே திட்டினாள். "பெரிய அரிச்சந்திரன்! உண்மையைச் சொல்ல வேற நாளே கிடைக்கலையா உங்களுக்கு?" அத்தான் பின்கட்டில் ஷூவைக் கழுவிக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றார்.

"அப்பா மேல கோவமாம்மா?"

"கோவமெல்லாம் இல்லப்பா. அவ என்னைத் தாண்டினது எனக்கே தெரிஞ்சுது."

"அப்போ நீயே ஏன்மா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அவள் ஷூவைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நம்பிட்டேன்ப்பா."