இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம்

இது பொய்யாக இருந்துவிடக் கூடாதா என்று இப்போதும் ஏங்குகிறேன். ஆனால் நடந்தது. போன ஜூன் மாதம், கேரளத் துறைமுகம் ஒன்றில் நின்ற சரக்குக் கப்பலில்.

மொழிபெயர்ப்பு நாவல்களில் வரும் கடலை நம்பி இந்த வேலைக்கு வந்தவன் நான். கம்பத்துக்காரன். சேர்த்துவிட்டது என் சிநேகிதன், உத்தமபாளையம் சுரேஷ்கண்ணன். கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்க உட்பக்கமாகக் கருவிகளைப் பொருத்தியிருப்பார்கள். காதுக்கு எட்டாத ஒலியால் அவை இரும்பை அதிரவைக்கும். அவற்றைச் சரிபார்ப்பதுதான் எங்கள் வேலை. ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கருவியில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்த வேண்டும். மெல்லிய 'டிக்... டிக்...' கேட்டால் உயிரோடு இருக்கிறது.

கப்பலின் அடியில் அடுத்தடுத்து இரண்டு இருட்டறைகள். நடுவே இரும்புச் சுவர். உள்ளே காற்றைச் சோதித்துவிட்டு, மேலே காவல் நிற்க வேண்டிய ஆள் வரவில்லை. மாலையில் கப்பல் கிளம்பிவிடும்.

"அவன் வாரதுக்குள்ள கப்பலு துபாய்க்கே போயிரும். நீ அங்கன இறங்கு மாப்ள, நான் இங்கன இறங்குறேன்," என்றான் சுரேஷ்கண்ணன். "செவுத்துல ஒரு தட்டு தட்டுனா நல்லாருக்கேன்னு அர்த்தம். ரெண்டு தட்டுனா ஓடி வா."

"நீ ரெண்டு தட்டுவியா?"

"ஏலே, பயந்தாங்கொள்ளி நீதான்."

இறங்கினோம். மணி இரண்டு பத்து.

முதல் கருவி... டிக்... டிக்... நன்றாக இருந்தது. சுவரில் தட்டினேன். அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு தட்டு.

டொக்.

நிம்மதியாக அடுத்த கருவிக்குப் போனேன். அவ்வப்போது தட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு டொக்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன். நான் தட்டக் கையை ஓங்கும்போதே பதில் வந்தது.

அதுவும்... தரையை ஒட்டி.

"சுரேசு?"

டொக்.

"மேல போயிரலாம்டா."

டொக்.

ஏறி ஓடினேன். அவன் இறங்கிய துவாரத்தின் விளிம்பில் அவனுடைய ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. எடுக்காமலே இறங்கியிருக்கிறான்.

டார்ச் அடித்தேன்.

ஏணியின் அடியிலேயே குப்புறக் கிடந்தான். சுவர் அவனுக்குப் பத்தடி தள்ளி...

அவன் அசையவில்லை.

டொக்.

மறுநாள் பிணவறையில் டாக்டர் சொன்னார். அந்த அறையில் மூச்சுவிடக் காற்றே இல்லையாம். இறங்கிய இரண்டொரு நிமிடத்திலேயே உயிர் போயிருக்குமாம்.

அப்படியென்றால் ஒரு மணி நேரம் 'நல்லாருக்கேன்' என்று எனக்குச் சொன்னது யார்?

அவன் உடலைப் பெட்டியில் வைத்து ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தேன். குமுளி மலை இறங்கும்போது கீழே கம்பத்து விளக்குகள் தெரிந்தன. டிரைவர் முத்துவீரன் சட்டென்று வேகத்தைக் குறைத்தார்.

"தம்பி... பின்னாடி பெட்டிய யாரோ தட்டுன மாதிரி கேட்டுச்சுல்ல?"

எனக்கும் கேட்டிருந்தது.

இரண்டு தட்டு.