வலது பக்கமும் தேய்ந்த பேன்ட்

மூன்று வருடங்களுக்கு முன், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தையல் கடைக்கு, புது பேன்ட் தைக்கத் துணியும் அளவுக்குப் பழைய பேன்ட்டும் எடுத்துப் போனேன்.

இரண்டு வயதில் போலியோ வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. இடது கையைத் தொடையில் ஊன்றித்தான் நடப்பேன். அதனால் என் பேன்ட்டெல்லாம் அந்த இடத்தில் முதலில் நைந்துவிடும். அங்கே உள்பக்கம் இன்னொரு துணி வைத்துத் தைத்துவிடுவார் அந்தத் தையல்காரர். இருபது வருடமாக நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அன்று பழைய பேன்ட்டை விரித்துப் பார்த்தவர், "இன்னா சார், இந்த தபா வலது பக்கமும் தேஞ்சிருக்குது?" என்றார்.

"போன தடவ நீங்க எடுத்துக் குடுத்த துணியே மட்டம்" என்று அவர் மேல் பாய்ந்தேன். உண்மை எனக்குத் தெரியும். கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியர் நான். பேருந்தை விட்டு இறங்கி மேடு ஏற வேண்டும். சில மாதங்களாக அந்த மேட்டில் வலது கையும் தானாகத் தொடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒப்புக்கொள்ள மனசில்லை.

விட்டேனா? காலுக்குப் பயிற்சி போதவில்லை என்று நானே முடிவுகட்டி, பள்ளி திறந்ததும் தினமும் அந்த மேட்டை இரண்டு முறை ஏறினேன். மூன்றாவது வாரம், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வலது கால் மடங்கி, பிள்ளைகள் முன்னால் விழுந்தேன்.

"இது போலியோவோட பின்விளைவு சார்" என்றார் மருத்துவமனையில் பிசியோதெரபி செய்யும் பெண். "இத்தினி வருஷமா நல்ல காலு ரெண்டு கால் வேலைய செஞ்சிருக்குது. இன்னும் ஜாஸ்தி குடுத்தா அதுவும் போயிடும். களைப்பாவறதுக்கு முன்னாடியே உக்காந்துடுங்க."

"வேலய வுட்டுட்டு வூட்லயே குந்துங்க மாமா" என்றார் மைத்துனர். உட்காருகிறேன், ஆனால் வகுப்பில் உட்காருகிறேன் என்றேன்.

மற்றவர்கள் நிற்கும்போது நான் உட்கார்ந்ததே இல்லை. அது என் வீம்பு. நாற்காலியைக் கரும்பலகை அருகே இழுத்துப் போட்ட முதல் நாள் உடம்பே கூசியது. நான்காம் நாள் பழகிவிட்டது. இடது காலுக்குத் தாங்கு கம்பி வைத்த காலிப்பர், கைக்கு ஊன்றுகோல், மேட்டுக்கு ஆட்டோ.

தையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "துணி நல்ல துணிதான் சார்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது பேன்ட் எந்தப் பக்கமும் தேய்வதில்லை. ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்கிறது. தேயட்டும், அது கடையில் கிடைக்கும். இன்னொரு வலது கால் கிடைக்காது என்பதால் இதைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பேனே தவிர, மலைக்குப் போவதை விடமாட்டேன்.