மல்லாந்து படுக்க ஒரு வரம்

முருகனை நம்பிக் கெடக்கிற என் சொந்தங்களுக்கு மன்னவனூர் ஈஸ்வரி சொல்றது.

போன ஆவணியில எங்க வீட்டுக்காரருக்குக் கணையத்துல புத்துநோய்னு மதுரை ஆஸ்பத்திரியில சொன்னாங்க. கணையம்னு ஒண்ணு வயித்துக்குள்ள இருக்கிறதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"கட்டி ரத்தக்குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்கும்மா, ஆபரேஷன் முடியாது. கீமோ குடுத்துட்டு ரேடியேஷன் வச்சுப் பார்ப்போம். கட்டி அடங்கலாம், வலி குறையலாம்"னாரு டாக்டர். முழுசா குணமாகும்னு வாக்குக் குடுக்கல.

கீமோ முடிஞ்சு மார்கழியில ரேடியேஷனுக்குப் போனோம். மிஷினுக்கு அடியில மல்லாந்து, அசையாம கெடக்கணும். அங்கதான் வந்துச்சு வினை. மல்லாந்தா இவருக்கு வயித்துல இருந்து முதுகு வரைக்கும் பிடுங்கும். குனிஞ்சு உக்காந்தாத்தான் கொஞ்சம் தாங்கும். பாதியிலயே எந்திரிச்சுட்டாரு. மறுநாளும் அதே கதை. "இப்படி அசைஞ்சா குடுக்க முடியாதும்மா"ன்னு மிஷின் பார்க்கிற பொண்ணு கையை விரிச்சிருச்சு.

வராண்டாவுல அவர் பக்கத்துல உக்காந்து அழுதேன். "முருகா, வேற ஒண்ணும் கேக்கல. இந்த மனுஷனை மல்லாந்து படுக்க வையி, போதும்."

கண்ணைத் துடைக்க அவர் பையில துண்டைத் தேடினேன். டாக்டர் குடுத்த வலி மாத்திரை அட்டை பிரிக்காமலே கெடக்கு!

"ஏங்க, இதைத் தின்னவே இல்லையா?"

"அது மார்பின் புள்ள. போதை. மாலை போட்டுட்டு எப்படித் தொடுறது?"

தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம் போக மாலை போட்டிருந்தாரு. அடப்பாவி மனுஷா! எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. கோவம் அடங்கினதும் பாசம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"மாலையைக் கழட்டி எனக்குப் போடுங்க. உங்க விரதத்தை நான் இருக்கேன். குத்தம்னா முருகன் என்னையக் கேக்கட்டும்."

கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. "நீ கறிக்கொழம்பு இல்லாம இருப்பியாக்கும்?"னாரு. அந்த வலியிலயும் கேலி!

வெரசா டாக்டர்கிட்ட ஓடிச் சொன்னேன். "வலிக்குக் குடுத்தா அது மருந்துங்கய்யா"ன்னு அவரும் எடுத்துச் சொல்லி, ரேடியேஷனுக்கு முன்னாடி மாத்திரையை எப்பச் சாப்பிடணும்னு சொன்னாரு. மறுநாள் எங்க வீட்டுக்காரரு மல்லாந்து படுத்தாரு. அசையல. கதவுக்கு வெளிய நான் வேல் வேல்னு நின்னேன். வெளிய வந்த அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டேன்.

எல்லா நாளும் முடிச்சாரு. தைப்பூசத்துக்கு அவருக்காக நான் நடந்தேன். நோய் ஓடியே போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கு, இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கோம். வலி வெகுவா குறைஞ்சிருச்சு.

நீங்களும் முருகன்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க. வலிக்குதுன்னு டாக்டர்கிட்டயும் வாயைத் திறங்க. ரெண்டு வழியிலயும் அவன்தான் வருவான்.

முன்னெல்லாம் இவர் மல்லாந்து குறட்டை விட்டா விலாவுல ஒரு இடி இடிப்பேன். இப்ப, விடு சாமி, நல்லா விடுன்னு முழிச்சுக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன்.