எலுமிச்சம்பழத்தில் ஏறிய வண்டி

அழகம்மாவின் பொறியியல் படிப்பு ஓர் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறித்தான் தொடங்கியது. ஏறிய வண்டி ஒரு முழ நீளம். ஒரு பலகை, பால்மா டின் மூடிகளில் நான்கு சக்கரங்கள், அச்சுகளுக்குச் சைக்கிள் கம்பி, ஓட வைக்க இழுத்துச் சுற்றிய சைக்கிள் டியூப் துண்டு. அவ்வளவுதான்.

1999ஆம் ஆண்டு. அழகம்மாவுக்கு இருபது வயது. உக்குவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவள் அப்பா நல்லையா லொறி ஓட்டினார். மாத்தளை நகரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. முதலாண்டுச் செய்முறை மூன்று கட்டம். முதலாவதில் அரமும் வாளும் துளைப்பானும். இரண்டாவதில் மோட்டாரும் மின்கம்பியும். மூன்றாவதில் இரண்டையும் சேர்த்து உருப்படியாக ஏதாவது ஒன்று. ஒரு கட்டத்தில் தவறினால் அடுத்ததற்குப் போக முடியாது, இடம் போய்விடும். அழகம்மாவுக்கு வேண்டியது மோட்டார். ஏழு வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றி அடி வாங்கிய நாளிலிருந்து அவள் மோட்டாரைத் தொடக் காத்திருந்தாள்.

முதல் மூன்று வாரமும் அரம்தான். ஓர் இரும்புக் கட்டியைச் சதுரமாகத் தேய்க்க வேண்டும். விரிவுரையாளர் மக்கீன் சேர் அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டும்.

“இது தேஞ்சு முடியிறதுக்குள்ள நான் கல்யாணம் முடிச்சு, என் மகளையும் இங்க கொண்டாந்து சேத்துருவேன்,” என்றாள் ஸரீனா. உக்குவளையில் ஏலக்காய் வியாபாரம் செய்பவரின் மகள். அழகம்மாவின் பஸ் கூட்டாளி. சிரிக்கத் தொடங்கினால் அழகம்மாவால் நிறுத்த முடியாது. பயந்தாலும் சிரிப்பாள். அதுதான் அவளுடைய கோளாறு.

முதற்கட்டப் பரீட்சைக்குத்தான் அந்த வண்டி. அரைச் செங்கல்லைச் சுமந்து, சுண்ணாம்புக் கோட்டின் மேல் ஐந்து மீட்டர் நேராக ஓட வேண்டும். இன்னொரு விதியும் இருந்தது. பரீட்சைக்கு முன் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்து, என்ன பிழை கண்டோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும்; பார்த்தவர் கையெழுத்திட வேண்டும். மாணவர்கள் ஒருவருக்கொருவர் கையெழுத்திடக் கூடாது. ஸரீனா முந்தின நாளே கல்லூரிக் காவலாளியிடம் ஓட்டிக் காட்டி, வண்டியை அங்கேயே வைத்துவிட்டாள்; அழகம்மா அவரைப் பரீட்சையன்று காலையில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். எட்டு மணிக்குப் போய்விட்டால் போதும். பரீட்சை ஒன்பதுக்கு.

அன்று காலை புறப்படும்போது நல்லையா வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நின்றார். பழம் நசுக்காமல் எந்த வண்டியையும் அவர் ரோட்டில் இறக்கியதில்லை.

“அப்பா, இது வெளையாட்டு வண்டிப்பா.”

“சக்கரம் இருக்குல்ல? அப்பொறம் என்ன.”

சூடம் கொளுத்தினார். முன்சக்கரத்தின் கீழ் பழத்தை வைத்தார். லொறி என்றால் பழம் கூழாகியிருக்கும். இந்த வண்டி பழத்தின் மேல் ஏறி, ஒரு கணம் யோசித்து, மறுபக்கம் கவிழ்ந்தது.

“நசுங்கலையே,” என்றாள் அம்மா சுந்தரம்மா, கலவரத்தோடு. நசுங்காத பழம் நல்ல சகுனமா? நல்லையா வண்டியை நிமிர்த்தினார். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கையை அதன்மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். பழம் பிளந்து சாறு தெறித்தது. எல்லோருக்கும் திருப்தி. முன் அச்சுக் கம்பியும் லேசாக வளைந்ததை யாரும் பார்க்கவில்லை.

சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நடக்க வேண்டும். அன்று வரிசை நீளம். எட்டு மணி அங்கேயே போனது. அழகம்மாவின் பைக்குள் ஒரு ராணுவ வீரர் கையை விட்டார். கம்பி தட்டுப்பட்டது. அடுத்து ரப்பர். கை அப்படியே நின்றது.

“மொகத்த மே?” என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார்.

அழகம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. தமிழ் அட்டை, தோட்டத்து முகவரி, பைக்குள் கம்பி சுற்றிய ஒரு சாமான். சிரிக்கவே கூடாத நேரம். குண்டோ என்று வரிசை இரண்டடி பின்வாங்கியது. ஸரீனா அவள் முதுகில் கிள்ளினாள்.

“வண்டி, மஹத்தயா. பரீட்சைக்கு,” என்று சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் அழகம்மாவுக்கு மூச்சு முட்டியது.

“வண்டின்னா ஓடணுமே. ஓட்டு, நங்கி.” தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார் வீரர்.

ரோட்டோரத்தில் வைத்தாள். சுமைக்குச் செங்கல் இல்லை. வீரர் தன் தண்ணீர்ப் போத்தலை வண்டியின் மேல் படுக்க வைத்தார். டியூப்பைச் சுற்றி விட்டாள். வண்டி துள்ளிப் புறப்பட்டது, இடப்பக்கம் திரும்பியது, போத்தலோடு கானுக்குள், ரோட்டோரச் சாக்கடைக்குள், விழுந்தது.

வரிசை கானுக்குள் எட்டிப் பார்த்தது. பிறகு வீரர் சிரித்தார். அவர் சிரித்ததும் வரிசை முழுக்கச் சிரித்தது. அழகம்மா மட்டும் சிரிக்கவில்லை. கானுக்குள் இறங்கி வண்டியைத் தூக்கி, மக்கீன் சேர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முன் அச்சு வளைந்திருந்தது. வளைவில் ஓர் எலுமிச்சை விதை ஒட்டியிருந்தது.

“அப்பா,” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பஸ் டிரைவரிடம் குறடு வாங்கினாள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மல்லி மூட்டையோடு வந்த ஒருவர் அச்சையே மாற்றச் சொன்னார். கொண்டக்டர் சக்கரத்தை மாற்றச் சொன்னார். அவள் கம்பியைப் பலகை விளிம்போடு வைத்து, இடுக்கில் வெளிச்சம் மறையும்வரை நிமிர்த்தினாள். மூன்று வாரம் அரம் பிடித்த கண் அது.

இரண்டாவது தடவை வண்டி தாரின் விளிம்பை ஒட்டி நேரே போனது. போத்தல் அசையவில்லை. பஸ்ஸில் ஏறிவிட்டவர்கள் ஜன்னல் வழியாகக் கைதட்டினார்கள். டிரைவர் ஹோர்ன் அடித்தார்.

“எட்டு நாப்பது,” என்றாள் ஸரீனா. “காவலாளிக்கிட்ட ஓட்டிக் காட்ட எங்க நேரம்?”

அழகம்மா பதிவேட்டைத் திறந்து, அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த வீரரிடம் நீட்டினாள்.

“மஹத்தயா, ஒரு கையெழுத்து.”

அந்தச் சாவடியில் அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு, பெயரையும் படை இலக்கத்தையும் அழகாக எழுதினார்.

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் மக்கீன் சேர் பதிவேட்டைக் கையில் எடுத்தார். உரக்கப் படித்தார்.

“ஓட்டிய இடம்: சோதனைச் சாவடி. பிழை: முன் அச்சு வளைவு. காரணம்: எலுமிச்சம்பழம்.” கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “சாட்சி, ஆமிக்காரரா?”

“ஒரு பஸ் சனமும் பாத்திச்சு சேர். எடம் பத்தல.”

மக்கீன் சேர் விதித்தாளை எடுத்துக் கடைசி வரிவரை படித்தார். “மாணவர் கையெழுத்திடக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு,” என்றார். “இவரு மாணவர் இல்ல. வண்டியக் கோட்டுல வைங்க.”

ஐந்து மீட்டர். அரைச் செங்கல். வண்டி சுண்ணாம்புக் கோட்டை விட்டு நகராமல் முடிவுக்கோட்டைத் தாண்டியது. ஸரீனாவின் வண்டியும் தாண்டியது, பின்சக்கரம் ஒன்று கழன்று முன்னால் உருண்டோடிய பிறகு.

அடுத்த திங்கட்கிழமை இரண்டாம் கட்டம் தொடங்கியது. வீட்டில் செய்து பார்க்க ஆளுக்கொரு மோட்டார், ஒரு பற்றரி, நாலு யார் நீளத்தில் சிவப்பு வயர் கொடுத்தார்கள். அழகம்மா எல்லாவற்றையும் பைக்குள் திணித்தாள். மோட்டாரை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஸரீனா பையைப் பார்த்தாள். “இத எப்பிடிடி சாவடியத் தாண்டிக் கொண்டு போவ?”

“கொண்டுதான் போகணும். இதுக்கும் சாட்சிக் கையெழுத்து வேணுமாம்ல,” என்றாள் அழகம்மா. அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.