வரிசையம்மா எடுத்துக் கொடுத்த நகல்

எங்கள் கணினிக் கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வரிசையம்மா, அவ்வளவுதான். இருநூறு கணினிகளை ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கிறார்கள். அதில் யாருடைய வேலை முதலில் ஓடும், யாருடையது காத்திருக்கும் என்பதைப் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொள்வது அவர்தான். நான் அங்கே ஏசி பார்க்கிறவன். அவருக்குக் கோபம் ஏறினால் என் ஏசியாலும் அந்த அறையைக் குளிர்விக்க முடியாது.

கோபத்திலும் நியாயம் இருக்கிறது. செய்ய வேண்டியதை ஒரு ஸ்கிரிப்ட்டாக எழுதி வரிசையில் போடுவார்கள். பிறகு அதே ஃபைலைத் திறந்து, மாற்றி, மறுபடியும் போடுவார்கள். கடைசியில் எதற்கு எந்த விடை வந்தது என்று கடவுளுக்கே தெரியாது. தனித்தனி ஃபைலாக வையுங்கள் என்று கரடியாய்க் கத்திப் பார்த்துவிட்டார்.

அன்று காலை வெள்ள ஆய்வாளர் வந்து நின்றார். ஆறு பெருகினால் எந்தத் தெரு முழுகும் என்று கணக்குப் போடுகிறவர். பத்து தடவை ஓட்டியதில் ஒரே தடவைதான் விடை நிஜமாக வந்த வெள்ளத்தோடு கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. அப்போது என்ன எண்கள் கொடுத்தோம் என்பது மறந்துவிட்டது. மறுநாள் முனைவர் பட்டத் தேர்வுக் குழு கேட்கும். சொல்லாவிட்டால் ஆறு வருட உழைப்பு அம்போ.

"எத்தனை தடவைப்பா சொல்றது? செவுத்துகிட்ட சொல்லியிருந்தா அதுவாவது கேட்டிருக்கும்."

"தப்புதாம்மா. எப்படியாவது எடுத்துக் குடுங்க."

"வரிசையில போட்ட ஸ்கிரிப்ட்டை எல்லாம் இந்த சிஸ்டம் ஒரு காப்பி வச்சுக்கும், பொழைச்ச போ. வேலை நம்பர் சொல்லு."

நம்பரைத் தட்டினார். நகல் வந்தது. கட்டளை மூன்றே வரி. இத்தனை கணினி வேண்டும், இத்தனை மணி நேரம் வேண்டும், இன்னொரு ஃபைலை ஓட்டு. எண்கள் எல்லாம் அந்த இன்னொரு ஃபைலில். பத்து தடவையும் அவர் மாற்றியது அதைத்தான். அதற்கு நகல் கிடையாது.

வரிசையம்மா தலையில் அடித்துக்கொண்டார். "எந்தப் புத்திசாலி உனக்கு இப்படி எழுதச் சொல்லிக் குடுத்தது?"

ஆய்வாளர் திரையின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் அம்மா படிக்காமல் தாண்டிய குறிப்பு அங்கே இருந்தது. 'புதியவர்களுக்கான மாதிரி. எண்களை வேறு ஃபைலில் வைக்கவும்.' கீழே வரிசையம்மாவின் சொந்தப் பெயர். ஆறு வருடத்துக்கு முன் வகுப்பெடுத்தபோது அவரே கொடுத்தது.

வரிசையம்மாவும் குனிந்து அதைப் படித்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பாவமாகத்தான் இருந்தது.

"ஞாபகம் இருக்கற எண்ணையெல்லாம் எழுது" என்றார் மெதுவாக. "எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துடலாம்."

இயக்குநர் கேட்டும் வரிசையைக் கலைக்காதவர், அன்று ஆய்வாளரின் வேலைகளை எல்லோருக்கும் முன்னால் தள்ளினார். சாயங்காலம் ஏழாவது ஓட்டத்தில் விடை பொருந்தியது. ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. யாரைக் கேட்டு வரிசையைக் கலைத்தீர்கள் என்று இயக்குநர் கத்தியது எனக்கே கேட்டது.

"யாரையும் கேக்கலை சார்" என்றார் வரிசையம்மா. "அவர் என் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே ஆளு."