எட்டு மைல் சுருதி

எனக்குப் பொறுமை கம்மி. ஒரு சட்டை எடுக்கக் கடைக்குப் போனால் முதலில் கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அப்படிப்பட்டவனை, ஒரு ஜோடி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதற்காக இரண்டு வருடம் அலைய விட்டவர் எங்கள் தோட்டத்து எஞ்சின்காரர் இஞ்ஞாசிமுத்து.

மலேசியாவில் மெர்போக் பக்கம் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். நான் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்மரம் வெட்டுகிறவன். லயத்து வரிசை வீடுகளில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர்தான். அவர் வீட்டில் மீன் பொரித்தால் என் வீட்டில் பசிக்கும். மேலும் என்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது, அவரிடம் இல்லை. அதனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மாதா கோயில் பூசை முடிந்ததும், அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எட்டு மைல் தாண்டி சுங்கைப்பட்டாணிக்குப் போவது என் தலையெழுத்தாகிவிட்டது.

தோட்டத்துக்கு அப்போது வெளிக் கரண்டு கிடையாது. மாலை ஆறு மணிக்கு அவர் டீசல் எஞ்சினை முடுக்கிவிட்டால் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், பத்து மணிக்கு நிறுத்தினால் இருட்டு. எஞ்சினோடு பதினெட்டு வருடம் இருந்தவர். அதன் வேகத்தைக் காட்டும் மீட்டர் என்றைக்கோ உடைந்துபோனது. ஆபீசில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தபின், காதாலேயே எஞ்சினை ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்வார். எந்த பேரிங் தேய்கிறது, எந்த வால்வு இறுகியிருக்கிறது என்பதெல்லாம் எலும்பு வழியாக அவருக்குத் தெரிந்துவிடும். மாதா கோயில் பாடற்குழுவில் யாராவது சுருதி விலகினால் திரும்பிப் பார்ப்பவரும் அவர்தான். அந்தப் பார்வைக்குப் பயந்தே இரண்டு பேர் பாடுவதை விட்டுவிட்டார்கள்.

அவருக்கு முன்னால் எஞ்சின் பார்த்தவர் பரஞ்சோதி. அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். எஞ்சின் இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. முதலில் ஒரு நாள் சரியாகக் கேட்குமாம், மறுநாள் எல்லாம் தப்பாகக் கேட்குமாம். அப்படியே போய்ப் போய் முழுச் செவிடு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரும் இஞ்ஞாசிமுத்துவிடம் அதையே சொல்லி எச்சரித்திருந்தார்.

இந்த ஸ்பீக்கர் ஆசை அங்கேதான் பிறந்தது. ஒரு நாள் போகும் வழியில், காற்றோடு காற்றாக என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

“காது இருக்கிறப்பவே ஒரு தடவ நல்லா கேட்டுடணும், அழகேசா. போனதுக்கு அப்புறம் வாங்கி என்ன செய்ய?”

அதற்குப் பிறகு நான் போக மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சுங்கைப்பட்டாணியில் ஸ்பீக்கர் கடை முதலாளியான சீனத் தவுக்கே நல்ல மனிதர். ஆனால் வியாபாரி. ஆள் உயர ஸ்பீக்கரையும், முகமெல்லாம் பச்சை விளக்கு ஓடும் ரிசீவரையும்தான் முதலில் காட்டினார். ரேடியோவும் சத்தத்தைப் பெருக்கும் கருவியும் ஒரே பெட்டியில் இருந்தால் அதற்கு ரிசீவர் என்று பேர் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பார்த்ததுமே எனக்கு அதுதான் பிடித்தது. இவரோ விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மனைவி நவமணி அண்ணி வளர்த்த ஆடுகளை விற்ற காசுதான் கையில் இருப்பது, அதில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கே போக வேண்டும் என்பது அவர் கணக்கு. ரிசீவர் என்ன கொடுத்தாலும் கடைசியில் அதை வெளியே சொல்லப் போவது ஸ்பீக்கர்தான் என்றார். பத்தடி அறைக்கு இத்தனை வாட் எதற்கு, பக்கத்து வீட்டு அழகேசனை விரட்டவா என்றும் கேட்டார்.

கையோடு ஒரு நாகசுர இசைத்தட்டு எடுத்து வருவார். ஒவ்வொரு மாதமும் அதே தட்டு, அதே பக்கம். கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். முடிந்ததும் ஒரு ஸ்பீக்கரைக் காட்டி, இதில் மேளம் நாகசுரத்தை விழுங்குகிறது என்பார். இன்னொன்றைக் காட்டி, இது நாகசுரத்துக்குச் சளி பிடித்த மாதிரி ஊதுகிறது என்பார். தவுக்கேக்கு இதையெல்லாம் மலாயில் எடுத்துச் சொல்வது என் வேலை. சளிவரைக்கும் எப்படியோ சமாளித்தேன்.

ஒரு மாதம் வீட்டிலிருந்து ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கடைச் சுவர் கல், நம் வீட்டுச் சுவர் பலகை, பலகைக்கு முன்னால் அந்த ஸ்பீக்கர் எப்படிப் பேசுகிறது என்று பார்க்க வேண்டுமாம். நாலடிப் பலகையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்திருக்க, எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். மானம் கப்பலேறியது. ஆனால் கடையில் பலகையை வைத்ததும் அது என் காதுக்கே தெரிந்தது. அதுவரை நன்றாக இருந்த ஸ்பீக்கர் பானைக்குள் பேசுவது போல ஆகிவிட்டது. மூலையில் கிடந்த, யாரும் சீந்தாத ஒரு சின்ன ஜோடி மட்டும் அப்படியே பேசியது. தவுக்கே பலகையைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் பெரிய ஸ்பீக்கரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நாங்கள் வந்தால் முதலில் காப்பி வரவழைத்தார்.

எழுபத்தொன்பதாம் வருடம் அந்தச் சின்ன ஜோடியும், விளக்கு அதிகமில்லாத ஒரு ரிசீவரும், ஒரு ரெக்கார்டு பிளேயரும் வீட்டுக்கு வந்தன. வந்த நேரம் தவக்காலம். ஆண்டவர் பாடுபட்ட நாட்களில் பாட்டு வைக்கக் கூடாது என்று அண்ணி தன் பழைய சேலையால் எல்லாவற்றையும் மூடிவிட்டார். இரண்டு வருடம் காத்திருந்த மனிதர், சேலைக்குள் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தபடி மேலும் நாலு வாரம் காத்திருந்தார். அவருக்கு வலித்ததோ இல்லையோ, எனக்கு வலித்தது.

ஈஸ்டர் மாலை லயமே அவர் வீட்டு முன் கூடியது. இந்து, வேதக்காரர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆறு மணிக்கு எஞ்சினை ஓடவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தட்டை வைத்தார். நாகசுரம் புறப்பட்டது. அப்படி ஒரு சத்தத்தை எங்கள் லயம் அதற்கு முன் கேட்டதில்லை. பெண்கள் கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் நின்றார்கள்.

அவர் முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பலகை வழியாக அவர்கள் பேசியது கேட்டது. பாட்டு இழுக்கிறது, சுருதி இறங்கிக் கிடக்கிறது, கடையில் கேட்டது இது இல்லை என்றார் அவர். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை.

“எல்லாருக்கும் நல்லாத்தானேங்க கேக்குது. உங்களுக்கு மட்டும்…”

அண்ணி அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது என்ன என்பது பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ரெக்கார்டு பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அங்கே போட்டால் பாட்டு அப்பழுக்கில்லாமல் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் மறுபடியும் இறங்கிக் கிடந்தது. கடையில் சரியாகக் கேட்டதும் அவர் நிம்மதி அடைந்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ இன்னும் ஒடுங்கிப்போனார். ஒரு நாள் சரியாக, ஒரு நாள் தப்பாக. பரஞ்சோதிக்கும் அப்படித்தானே ஆரம்பித்தது?

மறு ஞாயிறும் பிளேயரோடு போனோம். தவுக்கே அவரே ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, மிஷினில் ஒன்றும் கோளாறில்லை, கடையிலும் சரியாகப் பாடுகிறது, அப்படியானால் மிச்சம் உன் வீடுதான், உன் வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

“கரண்டு,” என்றார் இவர். பிறகு என் பக்கம் திரும்பி, “கரண்டு நான் குடுக்கிறதுதானே, அழகேசா. எஞ்சின் மெதுவா ஓடுனா கரண்டும் மெதுவாத் துடிக்கும், பிளேயர்ல தட்டும் மெதுவாத்தான் சுத்தும்,” என்றார்.

தவுக்கேயிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கினார். பாட்டை நிறுத்திவிட்டு, ரிசீவரின் இரும்பு உடம்பில் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தினார். பாட்டு இல்லாதபோதும் கரண்டு அதற்குள் மெல்ல ரீங்காரமிடும். அந்தச் சத்தத்தை வாயை மூடிக்கொண்டு தொண்டையில் பிடித்தார். கூட்டி, குறைத்து, அது உட்காரும்வரை விடவில்லை.

“இது டவுன் கரண்டு. இத இப்படியே எஞ்சின்கிட்ட கொண்டுட்டுப் போகப்போறேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா என் காது போச்சு. எஞ்சின் எறங்கி இருந்தா, காது இருக்கு. வழியில எங்கிட்டப் பேச்சுக் குடுக்காத.”

மறுபடி ஒரு தடவை ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுருதியைப் பிடித்துக்கொண்டார். எட்டு மைல் அதை விடவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ‘ம்’ என்ற ஒரே சத்தம். மூச்சு வாங்கும்போது மட்டும் நிற்கும், பிறகு அதே இடத்தில் தொடங்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ரயில்வே கேட்டில் எங்கள் துரதிர்ஷ்டம், கேட் மூடியிருந்தது. பக்கத்தில் சைக்கிளோடு நின்ற பாப்பம்மா அக்கா, எங்கள் தோட்டத்து மாட்டுக்காரி, என்னண்ணே வயிறு சரியில்லையா என்று விசாரித்தார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குள் ரயில் வந்தது. எங்களுக்கு நேரே வந்ததும் ஹார்ன் அடித்தான் பாருங்கள், என் நெஞ்சே அதிர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, நெற்றி நரம்பு புடைக்க அவர் முனகிக்கொண்டிருந்தார். பெட்டி பெட்டியாக ரயில் போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிந்ததும் காதிலிருந்து கையை எடுத்தார். சத்தம் இருந்தது. அதே சத்தம்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் தோற்றுவிடக் கூடாது மாதாவே என்று, நான் முருகன் கோயிலுக்குப் போகிறவன், மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

எஞ்சின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது ஆறு ஆகப் போகிறது. முனகிக்கொண்டேதான் எஞ்சினை முடுக்கினார். அது ஓடி நிதானப்பட்டதும், கரண்டு தயாராகும் டைனமோவின் உடம்பில் தன் நீள ஸ்க்ரூடிரைவரை வைத்து, காதெலும்பில் அழுத்தினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் திறந்தது. கட்டைவிரலைக் கீழே காட்டினார். இறங்கியிருக்கிறது. பிறகு, வீட்டுக்கு ஓடு, தட்டைப் போடு என்று கையாட்டினார். ஓடினேன்.

பிளேயரை மாட்டி, தட்டை வைத்தேன். அண்ணி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாகசுரம் எப்போதும் போலத்தான் இருந்தது. என் காதுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

திடீரென்று பாட்டு எழுந்தது. யாரோ கீழேயிருந்து கை கொடுத்துத் தூக்குவது போல, ஊதிக்கொண்டிருக்கும்போதே சுருதி மெல்ல மெல்ல ஏறியது. கூடவே தலைக்கு மேலிருந்த விளக்கு மஞ்சளிலிருந்து வெளுத்தது. வாசலுக்கு வந்து பார்த்தேன். லயம் முழுக்க, வீடு வீடாக, விளக்குகள் பிரகாசமாகிக்கொண்டிருந்தன. ஜனங்கள் வெளியே வந்து ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடமாக நாங்கள் மங்கலில் இருந்திருக்கிறோம். வருடத்துக்கு ஒரு துளியாக எஞ்சின் இறங்கியிருக்கிறது, எங்கள் கண்ணும் அதோடு இறங்கியிருக்கிறது. தினமும் பார்க்கிற பிள்ளை வளர்வது தாய்க்குத் தெரிகிறதா? பாட்டு கொஞ்சம் மேலே போனது, ஒரு முடி அளவு கீழே வந்தது, நின்றது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடையில் இரண்டு வருடம் நான் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்ட பாட்டு இதுதான். என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

பிறகு ஒரு நாள் கம்பெனி ஆள் புது மீட்டர் கொண்டுவந்து மாட்டினார். முள் சரியாக ஐம்பதில், வினாடிக்கு ஐம்பது துடிப்பில், நின்றது. டவுனிலும் அதே ஐம்பதுதானாம். எஞ்சினை யார் இப்படி வைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை, நம்பாவிட்டால் போகட்டும்.

பாட்டு எழுந்த அந்த மாலை அண்ணி கொட்டகைக்கு ஓட, நானும் பின்னால் ஓடினேன். அவர் டைனமோ பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார், எட்டு மைல் முனகிய தொண்டையில் காற்றுதான் வந்தது. எஞ்சின் போட்ட போட்டில் எனக்கு என் குரலே கேட்கவில்லை. அண்ணி குனிந்து, கத்தாமல், வீட்டில் பேசுகிற குரலில் அவரிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

எனக்குக் கேட்காதது அவருக்குக் கேட்டது. “தெரியும், நவமணி,” என்று உதட்டை அசைத்துவிட்டு, குழந்தை மாதிரி முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.