துறைமுகப் பாட்டின் பின்பாதி

என் நண்பன் வளைகுடாவிலிருந்து வந்திறங்கிய வாரமே கோட்டக்குப்பத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கூப்பிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் திரும்பவில்லை. உள்ளிருந்து அவன் மனைவி வந்து, "அவருக்குக் காது போயிடுச்சுண்ணே. போன்ல சொல்ல வேணாம்னுட்டாரு" என்றாள். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பல வருடங்கள் இரும்பு தேய்க்கும் மெஷினோடு வேலை செய்தவன் அவன். மருத்துவப் பரிசோதனையில் தேறாததால் அனுப்பிவிட்டார்கள். கொஞ்சநஞ்சம் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று புதுச்சேரி டாக்டர் சொல்லியிருந்தார். போயும்விட்டது. அதற்குப் பிறகு நான் போனில் எழுதிக் காட்டுவேன், அவன் வாயால் பதில் சொல்வான்.

நாங்கள் பழகியதே ஒரு ஆன்லைன் விளையாட்டால்தான். எனக்கு மரக்காணம். அப்பா உப்பளத்தில் கூலிக்குப் போனார். புதுச்சேரியில் கல்லூரி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது கோட்டக்குப்பத்தில் இறங்கி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து சிஸ்டத்தில் அவன் இருப்பான். பல நாட்டு ஆட்கள் ஒரே நேரத்தில் வாளோடும் மந்திரத்தோடும் சுற்றித் திரியும் விளையாட்டு அது. அதில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பாட்டு உண்டு. எல்லாம் மிடி. அந்த ஃபைலில் சத்தமே கிடையாது. எந்த வாத்தியம், எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். கம்ப்யூட்டர் அதைப் படித்துத் தானே வாசித்துக்கொள்ளும். துறைமுக ஊருக்குள் நுழைந்ததும் ஒரு புல்லாங்குழல் எழும். அதற்காகவே சண்டைக்குப் போகாமல் படகுத்துறையில் நின்றுகொண்டிருப்போம்.

பிறகு கம்பெனி அந்த இசையை எடுத்துவிட்டு, பெரிய வாத்தியக் குழு வாசித்த பதிவுகளைப் போட்டது. அப்புறம் விளையாட்டையே மூடிவிட்டது. ரசிகர்கள் சிலர் சொந்த சர்வரில் அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய பாட்டுகளைத் திரும்பக் கொண்டுவர யாராவது உதவுவீர்களா என்று அவர்கள் கேட்டிருந்ததை நான்தான் அவனுக்குக் காட்டினேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு ஏதாவது ஒரு பிடிப்பு கிடைக்கட்டுமே என்று நினைத்தேன்.

அவனுடைய பழைய ஹார்டு டிஸ்கில் விளையாட்டின் முதல் பதிப்பு இருந்தது. பெரும்பாலான பாட்டுகள் திறந்தன. துறைமுகப் பாட்டு மட்டும் பாதியில் நின்றது. பின்பாதி கெட்டுப்போயிருந்தது.

"நானே எழுதுறேன்டா" என்றான்.

எப்படி முடியும் என்று எழுதிக் காட்டினேன்.

"தலைக்குள்ள ஓடுது மச்சான். வெளியதான் ஒண்ணும் இல்ல. உள்ள அப்படியே இருக்குது."

மரக்காணத்தில் ஒரு உப்பு வியாபாரியிடம் பில் போடும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்குப் போவேன். ஸ்வரங்கள் திரையில் சின்னச் சின்னக் கட்டைகளாகத் தெரியும். அவன் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு, ஒவ்வொன்றாக நகர்த்துவான். நான் கேட்டுவிட்டு, இங்கே இழுக்கிறது, அங்கே இடிக்கிறது என்று எழுதிக் காட்டுவேன். ஓரிடத்தில் குழல் கீழே இறங்கும் என்பது என் ஞாபகம். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"மேல ஏறும்டா. ஏறி அங்கயே நிக்கும். அந்த மெஷின் சத்தத்துக்கு நடுவுல இத்தினி வருஷமா இதத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியாதா?"

அவன் சொன்னபடியே வைத்தோம். நன்றாகத்தான் இருந்தது. சர்வர்காரர்களும் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவன் விளையாட்டுக்குள் தன் ஆளைப் படகுத்துறையில் நிறுத்திவிட்டு, ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"வருதா?" என்று என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். சிரித்தான்.

"இந்த மாதிரி சிரிச்சு எவ்ளோ நாளாச்சுண்ணே" என்றாள் அவன் மனைவி.

அது நீடிக்கவில்லை. மழை பிடித்து உப்புப் பாத்திகளெல்லாம் மூழ்கிக் கிடந்த சமயத்தில், வேறு நாட்டு ரசிகர் ஒருவர் துறைமுகப் பாட்டின் முழு ஃபைலையும் எங்கிருந்தோ கண்டுபிடித்து அனுப்பிவிட்டார். சர்வரில் எல்லோருக்கும் கொண்டாட்டம். எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு எங்கள் பாட்டை எடுத்துவிட்டார்கள். அசலைக் கேட்டேன். குழல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அந்த இடத்தில் குழலே இல்லை. ஏதோ கம்பி வாத்தியம் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது.

அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான். இரண்டு ஃபைல்களையும் மேலும் கீழுமாகத் திறந்து வைத்திருந்தான். முன்பாதி ஒன்றுதான். பின்பாதியில் ஒரு கட்டைகூடப் பொருந்தவில்லை.

"அப்போ என் தலைக்குள்ள ஓடுறது தப்பா?" என்றான்.

எழுத ஆரம்பித்து அழித்தேன். கடைசியில், அது வேறு பதிப்பாக இருக்கலாம் என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"சரியானத உள்ள போட்டுக்கலாம்னு பாத்தேன்டா. எப்படிப் போடுறது? கேட்டாத்தானே?"

அதற்குப் பிறகு அவன் விளையாட்டைத் திறக்கவில்லை. கம்ப்யூட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டான். இப்போது மச்சினனின் மளிகைக் கடையில் உட்கார்கிறான். போன முறை பார்த்தபோது, அந்தப் பாட்டு இன்னும் உள்ளே ஓடுகிறதா என்று எழுதிக் கேட்டேன்.

"ஆரம்பிக்கும். அந்த எடம் வரப்போவுதுன்னு தெரிஞ்சதும் நிறுத்திடுவேன்."

கடைக்கு வந்த அம்மா ஒருத்தி துவரம்பருப்பு கேட்டாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இன்னொரு முறை, உரக்கச் சொன்னாள்.